பதினாறாவது எழுத்துக்கு இடமில்லை

என் பெயர் மோகன்ராஜ். தொழிற்சாலைக்குள் நான் 214. பரீதாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் எண்ணிலிருந்து ஆரம்பிப்பது அநியாயம்தான். என்ன செய்வது, ஆறு வருஷமாக அவள் செய்ததெல்லாம் இந்த எண்ணைப் போட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறியது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் பட்டியல் பெரியது. அதில் முதல் பெயர் என்னுடையது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் பித்தளை வால்வு செய்கிறோம். முக்கால்வாசி இங்கிலாந்துக்குப் போகிறது. நான் பேக்கிங் பிரிவில் லைன் லீடர். எனக்குக் கீழே பதினோரு பெண்கள். வால்வை எண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின் உள்மடிப்பில் மார்க்கரால் தங்கள் எண்ணை எழுத வேண்டும். அங்கே பெட்டியைத் திறக்கிறவர்கள் ஒரு வால்வு குறைகிறது என்று சொன்னால், கட்டிய ஆளை இங்கே பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் பதினோரு பேரில் ஒருத்திக்கும் எண் கிடையாது. எல்லோரும் கான்ட்ராக்ட். எண் என்பது பர்மனென்ட் ஆளுக்கு மட்டும். அதனால் லைன் லீடரின் எண்ணையே எழுதிவிடுவது வழக்கம். பதினோரு பேர் கையும் 214 என்றுதான் எழுதும். குறைந்த வால்வை வைத்து யாரைப் பிடிப்பது என்று நான் ஒருமுறை மேலே கேட்டேன். "உன்னைத்தான்" என்றார்கள்.

சரி, பழியை மட்டுமா சுமந்தேன்? புகழையும்தான் சுமந்தேன். வேலையை எளிதாக்க யோசனை சொன்னால் பரிசு தருவார்கள். அந்தப் படிவத்திலும் எண் கேட்கும். பெட்டிக்குள் குறுக்கே ஓர் அட்டையைச் செருகினால் வால்வுகள் ஒன்றோடொன்று உரசாது என்று கண்டுபிடித்தது பரீதா. படிவத்தில் 214. மேடையில் நான். கையில் ஒரு ஹாட்பாக்ஸ். வாங்கிக்கொண்டு ஊத்துக்கோட்டை வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் என் வீட்டு இட்லி அதில்தான் சூடாக இருக்கிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்பார்கள்; நான் உடைத்ததோடு நிற்காமல் மூடியையும் வீட்டுக்குக் கொண்டுபோனவன்.

பரீதாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பழவேற்காட்டுக்காரி. அப்பா ஷேக் தாவூத் கருவாடும் இறாலும் வாங்கி விற்ற வியாபாரி. இவள் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல். பொன்னேரி காலேஜில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். முதல் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். கணவர் சஹாபுதீன் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் முதல் நடையில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வந்து பொன்னேரியில் கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் இறக்கிவிடுவார். ஒரே பெண் சிஃபா, ஒன்பதாவது படிக்கிறாள்.

வார்த்தை ஆட்டம் வந்தது சிஃபாவால்தான். கொரோனா காலத்தில் போனில் பாடம் நடந்ததே, அப்போது அந்தப் பெண் ஏதோ ஓர் ஆட்டத்தை ஏற்றிவைத்திருந்தது. எழுத்துக் கட்டைகளைக் கட்டம்போட்ட பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை கோக்கும் ஆட்டம். மகள் நான்கு நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். தாய் பிடித்துக்கொண்டாள். வேனில் முக்கால் மணி நேரம். மற்ற பெண்கள் தூங்கி வழிவார்கள். இவள் முகம் தெரியாத யாரோ ஒரு கனடாக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருவாள்.

அவள் பெட்டிக்குள் எழுதுவதை நான் கண்டுபிடித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டியை நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும். அன்றைக்குத் திறந்தால் 214-க்குக் கீழே ரயில்பெட்டி மாதிரி ஓர் ஆங்கில வார்த்தை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அர்த்தம்.

"இன்னா பரீதா இது?"

"வார்த்தண்ணே."

"வார்த்தன்னு எனக்கும் தெரியுது. இங்க ஏன் எழுதிக்கினு கீற?"

"போன்ல ஆடறேன்ல, அந்தப் பலகைல ஒரு வரிசைக்குப் பதினஞ்சு கட்டம்தாண்ணே. இது பதினாறு எழுத்து. ஒரே ஒரு எழுத்து ஜாஸ்தி. எத்தினி வருஷம் ஆடுனாலும் இத அங்க வெக்க முடியாது. பாவமா இருந்துச்சு. அதான் இங்க வெச்சேன்."

அல்ட்ராக்ரெபிடேரியன் என்பது அந்த வார்த்தை. தனக்குத் தெரியாத வேலையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்போலக் கருத்துச் சொல்கிறவன் என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று காலையில்தான் எங்கள் மேனேஜர் சந்திரமோகன் பேக்கிங் பிரிவுக்கு வந்து, எண்ணெய்த் தாளை எப்படி மடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டுப் போயிருந்தார். மனுஷன் ஜென்மத்தில் ஒரு தாளை மடித்ததில்லை. அன்றையிலிருந்து எங்கள் லைனில் அவருக்கு அதுதான் பெயர். பதினோரு பெண்களும் அந்தப் பதினாறு எழுத்தையும் தடங்கலில்லாமல் சொல்வார்கள்.

கிறுக்கக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த பெட்டிக்கு என்ன வார்த்தை என்று பார்ப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. ஃப்ளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன். இருபத்தொன்பது எழுத்து. ஒன்றுக்கும் உதவாது என்று ஒரு பொருளையோ ஆளையோ ஒதுக்கிவைப்பது. ஹானரிஃபிகேபிலிடூடினிடாடிபஸ். இருபத்தேழு எழுத்து. மரியாதை பெறத் தகுதியான நிலை. "ஒதுக்கறதுக்கு ரெண்டு எழுத்து ஜாஸ்தி பாருங்கண்ணே" என்று சிரிப்பாள். நுண்ணிய தூசு நுரையீரலில் புகுந்து வருகிற வியாதி ஒன்றுக்கு நாற்பத்தைந்து எழுத்தில் பெயர் இருக்கிறதாம். "அதுக்கு ரெண்டு மடிப்பு வேணும், பெரிய பெட்டி வரட்டும்" என்று காத்திருந்தாள். டெலிவரி சலானின் பின்பக்கங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தாள். எழுதிய வார்த்தைக்கு அதில் ஒரு டிக் போடுவாள். ஒரே வார்த்தையை இரண்டாம் தடவை எழுத மாட்டாள்.

போன ஜூலையில் ஒரு நாள் சந்திரமோகன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லேபர் கான்ட்ராக்டர் அன்புராஜ் ஏற்கெனவே அங்கே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் பெட்டிகளின் உள்மடிப்புகள், போட்டோவாக.

"கஸ்டமர் பாக்ஸ்ல கிறுக்கினது யாரு? இங்கிலாந்துல இருந்து மெயில் வந்திருக்கு. மானம் போகுது!"

"நாளைக்கே அந்தப் பொண்ண நிறுத்திடறேன் சார்" என்றார் அன்புராஜ். யார் என்று நான் வாய் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. "வேற ஆளு கீது நைனா, நீ ஒண்ணும் கவலப்படாதே" என்று எனக்கு வேறு ஆறுதல்.

ஆனாலும் ஒன்று கேட்டேன். "சார், மெயில்ல இன்னா எழுதியிருக்காங்க?"

சந்திரமோகன் போட்டோவைப் பார்த்த வேகத்தில் கடிதத்தைப் படிக்கவே இல்லை. இதுதான் அந்த மனுஷனின் லட்சணம். இப்போது படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. எழுதியவர் பெயர் ஆலன். அங்கே கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை, முப்பது வருஷமாக. எங்கள் பெட்டிகளிலிருந்து அந்த மடிப்புகளை வெட்டியெடுத்து ஒரு சுவர் முழுக்க ஒட்டிவைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் புது வார்த்தை ஒன்றை ஒருவர் படிப்பாராம், அர்த்தத்தை மற்றவர்கள் ஊகிக்க வேண்டுமாம், தோற்றவர் எல்லோருக்கும் டீ போட வேண்டுமாம். "நாங்கள் பேசுகிற மொழியில் எங்களுக்கே தெரியாத வார்த்தைகளை 214 அனுப்பிக்கொண்டிருக்கிறார். செப்டம்பரில் ஆடிட் குழுவோடு நானும் வருகிறேன். அதற்கு அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. அதற்குள் 214-ஐப் பார்க்க வேண்டும்" என்று முடிந்திருந்தது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போன மானம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. "வொண்டர்ஃபுல்!" என்றார் சந்திரமோகன். "நம்ம கம்பெனி கல்ச்சர் இது. மோகன், நீதானே 214?"

"சார், எழுதினது பரீதா."

"பரீதா கான்ட்ராக்ட். பேக்கிங்கை பர்மனென்ட் ஆளுங்கதான் செய்யணும்னு கஸ்டமரோட அக்ரிமென்ட் இருக்கு. ஆடிட் அன்னிக்குக் கான்ட்ராக்ட்டுக்கு எப்பவும்போல லீவு. நீதான் 214. முடிஞ்சது."

எப்பவும்போல என்று அவர் சொன்னது உண்மை. ஆடிட் என்றால் எங்கள் பதினோரு பெண்களுக்கும் வராதே என்று செய்தி போய்விடும். மெஷின் ஷாப்பிலிருந்து பர்மனென்ட் ஆண்கள் நாலு பேரைக் கூட்டி வந்து பேக்கிங் மேசையில் உட்கார வைப்பார்கள். பெட்டியின் எந்தப் பக்கம் மேலே என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை எங்கள் கம்பெனி வருஷத்துக்கு இரண்டு தடவை நாடகமாகவே போடும்.

பரீதாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மார்க்கர் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நா வரலண்ணே. வந்தா இந்த வேலயும் பூடும், எனக்குத் தெரியாதா. ஆனா அந்த ஆளு எப்டியும் உங்கள ஒரு தபா கேப்பாரு, நீதானா அதுன்னு. அப்போ இல்ல, பரீதான்னு சொல்லுங்க. மேனேஜர் எதிர்ல வேணாம். தனியா கீறப்ப காதோட சொன்னாப் போதும். சொல்லுவீங்களா?"

"சொல்றம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்றேன். இதுக்கு எதுக்குச் சத்தியம்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, போட்டோவில் நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு மனுஷன் காதில் ஒரு பெயரைப் போட வேண்டும். அதற்கு நான் சத்தியம் செய்தேன்.

ஆடிட்டுக்கு முன்னால் எனக்குப் பத்து வார்த்தை கற்றுக்கொடுக்கும்படி சந்திரமோகன் அவளுக்கு உத்தரவு போட்டார். தன் இடத்தில் நடிக்கப்போகிறவனுக்கு அவளே வசனம் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுத்தாள். டீ இடைவேளையில் உச்சரிப்புத் திருத்தினாள். நானும் ஊத்துக்கோட்டை ரோட்டில் பைக்கில் போகிறபோதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவேன். பத்தில் ஒன்றுதான் நிலைத்தது. டெர்ஜிவர்சேஷன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் வளைந்து நெளிந்து நழுவுவது.

ஆடிட் அன்று பேக்கிங் பிரிவு கழுவிவிட்டதுபோல இருந்தது. மெஷின் ஷாப் ஆண்கள் நாலு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆலன் வந்தார். சிவந்த முகம், ஒரு முழங்காலில் வலி போலிருக்கிறது, சாய்ந்து சாய்ந்து நடந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டூ ஒன் ஃபோர்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என்னை யாரும் அப்படிக் கைபிடித்ததில்லை. திருட்டு மாங்காய்தான், ஆனாலும் இனித்தது.

மதியம் கேன்டீனில் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆலன் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பலகையையும் துணிப்பையில் எழுத்துக் கட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய பலகை. மூலைகள் தேய்ந்திருந்தன. ஒரே ஒரு ஆட்டம் ஆடலாமா என்றார். சந்திரமோகனுக்குப் போன் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மேசையில் நானும் ஆலனும்தான்.

எனக்கு ஏழு கட்டை வந்தது. வெகுநேரம் பார்த்தேன். டேபிள் என்று வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வைக்கிற வார்த்தை. ஆலன் என் டேபிளோடு தன் கட்டைகளைக் கோத்தார். அடுத்த முறை நான் டூ என்று இரண்டே எழுத்து வைத்தேன். அவர் கட்டைகளைத் தொடாமல் என்னைப் பார்த்தார். உங்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை எது என்று கேட்டார். டெர்ஜிவர்சேஷன் என்றேன். அர்த்தமும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே காது சுட்டது.

அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். என்னைப்போன்றவனுக்கும் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். 214 உண்மையிலேயே நீங்கள்தானா?

சந்திரமோகன் முதுகு கதவுக்கு வெளியே. மெஷின் ஷாப்காரர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். கேட்பதற்கு ஒரு ஈ காக்கை கிடையாது. பரீதா எப்படிச் சொன்னாளோ அப்படியே நடந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் இல்லை என்று சொல்லி ஒரு பெயரைச் சொல்வது.

"எஸ் சார்" என்றேன். "மீ ஒன்லி."

பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பயம் பாதிதான். மீதிப் பாதி அந்தக் கைப்பிடி. இல்லை என்று சொன்னால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்ற அற்பப் புத்தி.

ஆலன் தலையாட்டினார். பக்கத்தில் கிடந்த காலி அட்டை ஒன்றைக் கிழித்து, மார்க்கரைக் கொடுத்து, ஞாபகத்துக்கு உங்கள் எண்ணை எழுதுங்கள் என்றார். எழுதினேன். பரீதா நாலு போட்டால் மேலே கூம்பாக மூடியிருக்கும். என் நாலு மேலே திறந்த நாலு. அதைச் சிறிது நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கட்டைகளைத் துணிப்பையில் வாரிப்போட்டு, பலகையோடு சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"இதை 214-க்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

அதையாவது கொண்டுபோய்க் கொடுத்தேனா? சந்திரமோகன் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். "ஷோகேஸ்ல வெக்கலாம்" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அது உட்கார்ந்துவிட்டது. கீழே அச்சடித்த சீட்டு: எங்கள் ஊழியர் 214 திரு. மோகன்ராஜ் அவர்களுக்கு வாடிக்கையாளர் அன்பளிப்பு. கான்ட்ராக்ட் ஆட்கள் பின்பக்க கேட் வழியாகத்தான் வர வேண்டும். வரவேற்பறைக்குள் பரீதா ஆறு வருஷத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் நோட்டீஸ் போர்டில் என் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். அது பேக்கிங் பிரிவுக்கு எதிரிலேயே இருக்கிறது.

மறுநாள் காலை அவள் நேராக என்னிடம் வந்தாள். கைப்பையைக்கூட ஆணியில் மாட்டவில்லை.

"சொன்னீங்களாண்ணே?"

"கூட்டமா இருந்துச்சும்மா. சந்தர்ப்பமே கெடைக்கல."

"அவுரு கேக்கவே இல்லியா?"

நான் டேப் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கேட்டாரு."

"யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல."

"இன்னா சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

பத்துப் பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். பரீதாவுக்குக் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"ஹாட்பாக்ஸ் போச்சு, போவட்டும்னு உட்டேன். அட்ட செருவுன ஐடியா போச்சு, போவட்டும்னு உட்டேன். இன்னாத்தக் கேட்டேன் உங்கள? டப்பு கேட்டனா? வேல பர்மனென்ட் பண்ணுன்னு கேட்டனா? அந்த ஆட்டத்துல ஆளு பேரு, ஊரு பேரு வெக்கக் கூடாதுண்ணே. வெச்சா செல்லாது. அது ஆட்டத்தோட சட்டம். தெரிஞ்சு ஒத்துக்கினுதான் ஆடறேன். இங்க என் பேரு செல்லாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதிக்கீது? அத எடுத்துக் காட்டுங்க, நா வாய மூடிக்கறேன்."

"பரீதா, நான்..."

"சந்திரமோகன் மேல எனக்குக் கோவமே இல்லண்ணே. அவுரு சத்தியம் பண்ணல."

இதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. மேசைக்குப் போய்த் தாளை மடிக்க ஆரம்பித்தாள். டெலிவரி சலான் நோட்டு அன்றைக்கு வெளியே வரவே இல்லை.

அந்த வாரச் சரக்கு நூற்று நாற்பது பெட்டி. வேறு ஆர்டர் ஒன்று அவசரம் என்று மற்ற பெண்களை அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்துப் பெட்டி முழுக்கப் பரீதா கையில். இரண்டு நாளில் கட்டி முடித்தாள். நான் வழக்கம்போலப் பத்தாவது பெட்டியைத் திறந்தேன்.

உள்மடிப்பில் நீள வார்த்தை இல்லை. 214-உம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகள். எதற்கும் அர்த்தம் எழுத வேண்டியதில்லை. என் பெயர் பரீதா. இந்தப் பெட்டியைக் கட்டியது நான். இதற்கு முன் வந்த வார்த்தைகளை எழுதியதும் நான். ஆறு வருஷமாக இங்கே கான்ட்ராக்ட் வேலை. எனக்கு எண் கொடுக்கவில்லை.

இருபதாவது பெட்டியைத் திறந்தேன். அதே ஐந்து வரி. முப்பதாவது. அதே. ஒரு வார்த்தையை இரண்டு தடவை எழுதாதவள் நூற்று நாற்பது பெட்டியிலும் ஒன்றையே எழுதியிருந்தாள்.

"பரீதா, இது போச்சுன்னா உன் வேல போயிடும்."

அவள் நிமிரவில்லை. "டேப்பு உங்க கைலதாண்ணே கீது. கிழிச்சிப் போடணும்னா கிழிச்சிப் போடுங்க. புது அட்ட அங்க அடுக்கி வெச்சிக்கீது."

கிழிக்கலாம்தான். ஸ்டோரில் அட்டை இருந்தது, கன்டெய்னர் வர மூன்று மணி நேரம் இருந்தது. அவள் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே கிழித்திருக்கலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். இப்படி நல்ல மனசோடு நழுவுகிற வித்தை எனக்குக் கைவந்த கலை. அவள் வேலைக்கு ஆபத்து என்று நான் சொன்னதில் என் வேலைக்கு ஆபத்து என்பதும் ஒளிந்திருந்தது. பெட்டியைக் கட்டியவள் அவள் என்றால், பார்த்து அனுப்பியவன் நான்.

நூற்று நாற்பது பெட்டிக்கும் டேப் ஒட்டினேன். பரிசோதனைத் தாளில் எண் எழுதுகிற கட்டத்தில் மோகன்ராஜ் என்று முழுப் பெயரையும் எழுதினேன். கட்டம் பத்தவில்லை. வெளியே வழிய எழுதினேன். கன்டெய்னர் லாரி தச்சூர் கூட்ரோடு தாண்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போயிற்று.

கப்பலுக்கு முப்பத்தெட்டு நாள். இன்றைக்கு முப்பத்தைந்து. அங்கே ஆலனுக்கு வேலையில் இதுதான் கடைசி வாரம். பெட்டியைப் பிரிக்கிற நாளில் அவர் இருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அவர் இல்லாவிட்டாலும் வேறு யாராவது பிரிப்பார்கள், சுவரில் ஒட்டுவதற்குப் புது வார்த்தை தேடுவார்கள். மெயில் வரும். இந்த முறை சந்திரமோகன் போட்டோவைப் பார்த்ததோடு நிறுத்த மாட்டார், எழுத்தெழுத்தாகப் படிப்பார்.

பரீதா இன்னும் என் மேசைக்குப் பக்கத்தில்தான் பெட்டி கட்டுகிறாள். என்னோடு பேச்சு இல்லை. காலையில் வந்ததும் ஒன்றே ஒன்று மட்டும் கேட்பாள்.

"இன்னிக்கி எத்தினியாவது நாளு?"

"முப்பத்தஞ்சு."

தலையாட்டிவிட்டு மார்க்கரைத் திறப்பாள். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் தன் பெயரைத்தான் எழுதுகிறாள். நான் டேப் ஒட்டுகிறேன்.

மூன்று நாளிலோ நாலு நாளிலோ மேலேயிருந்து கூப்பிடுவார்கள். அன்புராஜும் கைகட்டி நிற்பார். இங்கிலாந்துக்குப் பதில் எழுத வேண்டும், பெட்டியில் இருப்பது பொய், 214 நீதானே என்று கேட்பார்கள். ஆலன் கேட்ட அதே கேள்வி. அவர் அன்பாகக் கேட்டார், இவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பத்து நீள வார்த்தையை மனப்பாடம் செய்யப் பார்த்தவனுக்கு இந்த ஒரு சின்னப் பதில் கஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் என்னை நான் நம்புவதில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும்வரை தினமும் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.

பரீதா. பரீதா. பரீதா.